போதகர் சொல்லும் அரசின் வாக்கும்: தஞ்சையில் சுவார்ட்சின் பொதுப்பணி

ஆய்வுச் சுருக்கம்

செருமானிய லுத்தரன் போதகரான கிறித்தியான் ஃபிரெடரிக் சுவார்ட்சு (1726–1798) சமயப்பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். வாழ்வின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தஞ்சை ஆட்சியைச் சீர்செய்ய அமைந்த குழுவின் உறுப்பினராகவும் இளவரசர் ஒருவரின் காப்பாளராகவும் அவர் செயல்பட்டார். அவரைப் பொதுப்பணிக்குள் இழுத்தது பதவி நாட்டமன்று. அரசனின் வாக்கும் கம்பெனியின் வாக்கும் மக்களிடம் மதிப்பிழந்திருந்த நிலையே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அந்நம்பிக்கை எங்குப் பயன்பட்டது, எங்குப் பயன்படாமற் போயிற்று என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுவார்ட்சு, தஞ்சை மராத்தியர், துளஜா, இரண்டாம் சரபோஜி, ஐதர் அலி, கிழக்கிந்தியக் கம்பெனி, குடிபெயர்வு, சமயப்பணி

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் சோழமண்டலக் கடற்கரை பல கொடிகளின் கரையாக இருந்தது. சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயர், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் எனக் கரை துண்டுபட்டுக் கிடந்தது. உள்நாட்டில் ஆர்க்காட்டு நவாபும் தஞ்சை மராத்திய அரசரும் மைசூரின் ஐதர் அலியும் ஒருவரையொருவர் அஞ்சியும் பகைத்தும் வாழ்ந்தனர். புதுச்சேரியின் வடக்கெல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் இன்றும் சில அடி தூரத்தில் நிருவாக எல்லை மாறிவிடுவதைக் காணலாம். அன்றைய எல்லைகளோ படைபலத்திற்கேற்ப ஆண்டுதோறும் நகர்ந்தன. இத்தகைய எல்லைநாட்டில் பல மொழி பேசுபவரும், எந்தத் தரப்புக்கும் சொந்தக்காரர் அல்லர் எனக் கருதப்படுபவரும் விரும்பாமலே அரசியலுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் சுவார்ட்சின் வரலாறு விரிவாகப் பதிவானது.

அவரைப் பற்றிய எழுத்துகள் இருவகைப்படுகின்றன. 1834இல் வெளிவந்த ஹியூ பியர்சனின் வாழ்க்கை வரலாறு தொடங்கி வந்த சமயச் சார்பு நூல்கள் அவரை மாசற்ற அடியாராகக் காட்டுகின்றன. காலனியத்தைக் குறைகூறும் நோக்கில் எழுந்த எழுத்துகள் அவரைக் கம்பெனியின் கருவியாகக் காண்கின்றன. இரண்டும் அவருடைய பண்பைப் பற்றியே வழக்காடுகின்றன. அவருடைய சொல்லை நம்பியவர் யார், அந்நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டவர் யார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டுவிட்டன.

சான்றின் தன்மை

சுவார்ட்சின் பொதுப்பணி பற்றி அடிக்கடி எடுத்தாளப்படும் செய்திகளுள் பெரும்பாலானவை ஒரே கடிதத்திலிருந்து வருபவை. 1793இல் கம்பெனியின் பட்டயத்தைப் புதுப்பிப்பது குறித்து ஆங்கில நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, முன்னாள் சென்னை ஆளுநரின் செயலாளராயிருந்த மாண்ட்கோமரி கேம்பெல் என்பார் இந்தியாவில் நடக்கும் சமயப்பணியை இழித்துப் பேசினார். மதம் மாறியோர் ஒழுக்கங்கெட்டவர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அப்பேச்சின் செய்தித்தாள் பதிவு தஞ்சைக்கு எட்டியது. முதுமையில் இருந்த சுவார்ட்சு 1794 பிப்ரவரியில் இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்துக்கு நீண்டதொரு மறுப்பை எழுதினார். ஐதரிடம் சென்ற பயணமும் பஞ்சகாலத்துத் தானியமும் ஊர்விட்டு ஓடிய குடிகள் திரும்பியதும் அம்மறுப்பில் சான்றுகளாகவே இடம்பெறுகின்றன.

எனவே, அக்கடிதம் நாட்குறிப்பன்று; எதிர்வாதம். போதகர்கள் நாட்டுக்குப் பயனற்றவர்கள் என்ற கூற்றை மறுக்க, நாட்டுக்குத் தாம் செய்தவற்றை அவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதில் வரும் எண்கள் அவர் கூறியவை என்னும் நினைவோடுதான் படிக்கப்பட வேண்டும். ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அவர் பெயர் சுட்டிய நிகழ்வுகளில் பங்கேற்ற அதிகாரிகள் பலர் அப்போது உயிருடன் இருந்தனர். கடிதமும் கழகத்தால் அச்சிடப்பட்டது. சமயத் தொடர்பில்லாத படைத்தலைவர் வில்லியம் ஃபுல்லர்டன் 1787இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பியர் இழந்த நற்பெயரை மீட்டது இப்போதகரின் நேர்மையே என்னும் பொருள்பட எழுதியிருப்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. மிகைப்படுத்தல் இருக்கலாம், புனைவு என ஒதுக்குவதற்கில்லை.

தரங்கம்பாடியிலிருந்து தஞ்சைக்கு

பிரசிய நாட்டுப் பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள சோனன்பர்க்கில் பிறந்த சுவார்ட்சு, ஹாலேயில் கற்றபோதே தமிழோடு தொடர்பு கொண்டார். தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சு அங்குத் தமிழ் விவிலியத்தை அச்சிட முயன்றார்; அப்பணிக்கு உதவவே இளைஞரான சுவார்ட்சு தமிழெழுத்தைப் பயின்றார். 1749இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 சூலையில் தரங்கம்பாடியை அடைந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே சீகன்பால்கு கட்டிய ஆலயத்தில் தமிழில் அருளுரை நிகழ்த்தினார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கமான சமயப்பணியில் கழிந்தன. 1762இல் திருச்சிராப்பள்ளிக்கும் தஞ்சைக்கும் கால்நடையாகச் சென்றதே திருப்பம். திருச்சியில் நவாபின் அரண்மனையும் ஆங்கிலப் படைமுகாமும் இருந்தன. படைவீரர்களுக்கெனத் தனிக்குரு இல்லாமையால் அவர்களிடமிருந்தே ஆங்கிலம் கற்று, அவர்களுக்கும் வழிபாடு நடத்தினார். 1764இல் மதுரையில் யூசுப்கானுக்கு எதிரான முற்றுகையின்போது காயமுற்ற வீரர்களைப் பேணினார். 1766இல் திருச்சிக் கோட்டையில் கிறித்து ஆலயம் எழுந்தது. பின்னர் படைமுகாமின் குருவாகக் கம்பெனி அவருக்கு ஊதியம் வழங்கியது. டேனிய அரசின் ஆதரவில் வந்தவர் ஆங்கிலக் கழகத்தின் பணியாளராகவும் கம்பெனியின் ஊதியக்காரராகவும் ஆனார். அவர் பிற்காலத்தில் வகித்த பொதுப்பதவிகளுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அவருடைய வாழ்முறை குறித்து வில்லியம் சேம்பர்சு என்னும் ஆங்கிலேயர் தரும் சித்திரம் கருதத்தக்கது. பழைய கட்டடமொன்றில் கட்டில் போடுமளவே இடமுள்ள அறை, சோறும் காய்கறியும், கருஞ்சாயமிட்ட பருத்தியங்கி, மாதம் பத்து வராகன் வருவாய் என்கிறார் அவர். கம்பெனி ஊழியர் பலரும் கைநிறையப் பொருளீட்டித் தாயகம் திரும்பிய காலம் அது. நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த ஆங்கிலேயர்களின் பேராசையே தஞ்சையின் அரசியலைப் புரட்டிப்போட்டது. 1773இல் நவாபின் பொருட்டுக் கம்பெனிப் படை தஞ்சையைக் கைப்பற்றியது. 1776இல் ஆளுநர் பிகட்டு அதைத் துளஜாவிடம் திருப்பி அளித்தார். அதனால் சினங்கொண்ட தம் அவையினராலேயே அவ்வாண்டு சிறைப்பட்ட பிகட்டு, காவலிலேயே இறந்தார். இந்தச் சூழலில் பொருளுக்கு விலைபோகாத ஐரோப்பியர் ஒருவர் இருக்கிறார் என்பதே செய்தியாயிற்று.

1778இல் சுவார்ட்சு தஞ்சையில் நிலையாகத் தங்கினார். தமிழோடு பாரசீகமும் இந்துத்தானியும் மராத்தியும் போர்த்துகீசியமும் அவருக்குக் கைவந்திருந்தன. அவைக்குச் செல்லும்போது துபாசி தேவைப்படவில்லை. துபாசிகள் வழியாகவே ஆட்சி நடந்த காலத்தில் இஃது எளிய தகுதியன்று.

சீரங்கப்பட்டணத் தூது

1779இல் சென்னை ஆளுநர் தாமசு ரம்போல்டு, ஐதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிந்துவரச் சுவார்ட்சை அனுப்பினார். பிற தூதரை ஏற்காது இக்கிறித்தவரையே அனுப்புமாறு ஐதர் கேட்டார் என்பது வாழ்க்கை வரலாறுகளில் வழிவழியாக வரும் செய்தி. சுவார்ட்சின் கூற்றில் முன்னிற்பவை வேறு காரணங்கள்: அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை, கையூட்டுக்கு அவர் இணங்கமாட்டார். தாம் உடன்பட்டதற்கும் அவர் விளக்கம் தந்துள்ளார். சூழ்ச்சியேதும் இன்றி அமைதியைக் காப்பதே நோக்கம் என நம்பியதும், கம்பெனி தமக்குக் காட்டிய பரிவும், வழியெங்கும் அருளுரை நிகழ்த்த வாய்ப்புக் கிட்டும் என்பதும் அவர் சொல்லும் காரணங்கள்.

ஐதரின் முறையீடு எல்லை பற்றியதாகவோ பொருள் பற்றியதாகவோ மட்டும் இருக்கவில்லை. 1769இன் சென்னை உடன்படிக்கைப்படி ஒருவருக்கொருவர் உதவ வேண்டிய கம்பெனி, மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது உதவவில்லை. 1779 மார்ச்சில் அவருடைய பாதுகாப்பில் இருந்த மாஹேயை ஆங்கிலேயர் பிடித்தனர். போதகர் பயணத்தில் இருந்த காலத்திலேயே ஆங்கிலப் படையொன்று குண்டூருக்குச் செல்ல ஐதரின் ஆட்சிக்குட்பட்ட கடப்பைப் பகுதி வழியாகப் புறப்பட்டுத் தடுக்கப்பட்டது. அமைதி பேசப் போதகரை ஒருபுறம் அனுப்பிக்கொண்டே மறுபுறம் அமைதியைக் குலைத்த அரசு அது. ஐதர் தூதரை மதித்தார், தூதனுப்பியவரை நம்பவில்லை. 1780 சூலையில் மைசூர்ப்படை கருநாடகச் சமவெளியில் இறங்கியது.

திரும்பும்போது வழிச்செலவுக்கென ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்சு அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னது. தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அது முதலாயிற்று. தூதுப்பணிக்கெனக் கம்பெனியிடமிருந்து பரிசேதும் அவர் கொள்ளவில்லை. போர்க்காலத்தில் இப்போதகரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஐதர் தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார். நான்காண்டுகள் கழித்துத் திப்புவுடனான அமைதிப் பேச்சுக்கு அவரைத் துணையாக அழைத்தபோது மைசூர்க் காவலர் சத்தியமங்கலத்தில் தடுத்துத் திருப்பிவிட்டனர். ஒருவரிடம் பெற்ற நம்பிக்கை அவருடைய மகனிடம் தானாகச் செல்லவில்லை.

எண்பதாயிரம் கலம்

1781 முதல் 1783 வரை தஞ்சை நாடு பட்ட பாடு சொல்லுந்தரமன்று. மைசூர்ப் படை வயல்களை அழித்தது. கால்நடைகளை ஓட்டிச் சென்றது. நாட்டுப்புற மக்கள் கோட்டைக்குள் புகலடைந்தனர். கோட்டைப் படைக்கு உணவில்லை. தெருக்களில் மக்கள் பசியால் வீழ்ந்தனர். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கோட்டைக்கு வெளியே நெல் இல்லாமலில்லை. அதைக் கொண்டுவர மாடுகளில்லை. மாடு வைத்திருந்தோர் வரவில்லை. முன்னர்ப் பலமுறை மாட்டையும் நெல்லையும் எடுத்துக்கொண்டு விலை கொடாமல் ஏய்த்திருந்தனர் அரசனின் ஆட்கள். அரசனின் ஓலை எழுதப்பட்டது, எவரும் அசையவில்லை.

துளஜா சுவார்ட்சை நாடினார். கொண்டுவரும் நெல்லுக்கும் மாட்டுக்கும் தாமே பொறுப்பேற்று விலை கொடுப்பதாகப் போதகர் தம் பெயரில் கடிதங்கள் விடுத்தார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரம் மாடுகள் திரண்டன என்றும், குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது என்றும் அவர் எழுதுகிறார். வந்தவர்களுக்கு உடனே விலையும் சிறு அன்பளிப்பும் கொடுத்து அனுப்பியதையும் குறிக்கிறார். அந்தக் கடைசிச் செய்தி தொகையினும் முதன்மையானது. அவருடைய வாக்கு நம்பப்பட்டது அவர் புனிதர் என்பதால் மட்டுமன்று. சொன்ன நாளில் சொன்ன காசு கைக்கு வந்ததால்.

ஏழாயிரம் குடிகள்

போர் முடிந்த பின்னும் துன்பம் தீரவில்லை. துளஜா நோயிலும் துயரத்திலும் அரண்மனைக்குள் ஒடுங்கிவிட, சர்க்கேல் பதவியிலிருந்த பாபா என்பார் கையில் ஆட்சி சிக்கியது. விளைச்சலில் உழவர் பங்கான குடிவாரம் வெட்டிச் சுருக்கப்பட்டது. மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறினர். கொடுங்கோலுக்கு எதிராக உழவர் ஏந்திய பழைய ஆயுதம் அது. கலப்பையைக் கீழே வைத்துவிட்டு அயல்நாட்டுக்குப் போய்விட்டால் அரசனின் மேல்வாரம் தானே மறைந்துபோம்.

சென்னை அரசு தஞ்சை ஆட்சியைச் சீர்செய்யக் குழுவொன்றை அமைத்தபோது சுவார்ட்சு அதில் உறுப்பினராக்கப்பட்டார். சமயக் குருவொருவர் வருவாய் நிருவாகத்தைப் பார்வையிடும் குழுவில் அமர்ந்தது அக்காலத்திலும் அரிய நிகழ்ச்சியே. வன்முறை கொண்டு வரி தண்டும் செயல்களில் தாம் பங்கு கொள்ளவியலாது என்னும் வரம்பை அவர் கொண்டிருந்தார். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக ஆண்டுக்கு 100 பவுன் ஊதியமும் அவருக்கு வகுக்கப்பட்டது.

நீதி செய்வதாக அரசன் அறிவித்தும் குடிகள் திரும்பவில்லை. அரசனின் விருப்பப்படி சுவார்ட்சு தம் பெயரில் உறுதியளித்ததும் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். பிறரும் பின்தொடர்ந்தனர் என்பது அவருடைய கூற்று. சூனில் தொடங்க வேண்டிய உழவு செப்டம்பர் பிறந்தும் தொடங்காதிருந்தது. காலம் தாழ்ந்ததைச் சுட்டி அவர் வேண்டியபோது, அவர் காட்டிய பரிவுக்கு ஈடாக இரவும் பகலும் உழைப்பதாக அவர்கள் உரைத்தனராம். அவ்வாண்டு அறுவடை முந்தைய ஆண்டினும் மிக்கிருந்ததாகவும் அவர் பதிவு செய்கிறார். காவிரிப் பாசனத்தில் சம்பாப் பருவத்துக்குச் செப்டம்பர் நடவு முற்றிலும் கைநழுவிய காலமன்று என்பதையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும்.

அந்த ஏழாயிரவரும் யார்? நிலத்தில் உரிமை கொண்ட மிராசுதாரரா, வாரக்குடிகளா, பண்ணையாட்களா என்பதைக் கடிதம் பிரித்துக் காட்டவில்லை. பேச்சுவார்த்தைக்கு வரக்கூடியவர் நிலவுரிமையாளரே. சேற்றில் இறங்க வேண்டியவர் பண்ணையாட்களே. சுவார்ட்சின் சபையிலும் வெள்ளாளரும் தாழ்த்தப்பட்டோரும் வழிபாட்டின்போது தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. அவர் அதை வலிந்து நீக்க முற்படவில்லை. அடுத்த நூற்றாண்டில் 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை விலக்கக் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை கொந்தளித்ததற்கு வேர் இதுவே. நிலமுடையோர் அவரைத் தயக்கமின்றி ஏற்றதற்கும், அவர் சமூகப் படிநிலையில் கைவைக்காததற்கும் உறவில்லை என்று கூறிவிட முடியாது.

பள்ளிகள்

1785 அளவில் தஞ்சையின் ஆங்கில அரசப் பிரதிநிதி ஜான் சலிவனோடு சேர்ந்து, உள்நாட்டு மாணவர் ஆங்கிலம் கற்கும் பள்ளிகளைத் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் சுவார்ட்சு நிறுவினார். கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் 250 வராகன் வழங்க இசைந்தது. ஏமாற்றி மதம் மாற்றும் வழியாக இவற்றைப் பயன்படுத்தலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்புக்கு அரை நூற்றாண்டு முற்பட்ட முயற்சி இஃது என்பது கல்வி வரலாற்றில் போதிய அழுத்தம் பெறவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அவர் அழைத்துவந்து கற்பித்த சிறுவனே பின்னாளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாராக விளங்கினார்.

வாரிசுரிமை வழக்கு

மக்களிடம் சென்ற சொல் அரண்மனை வழக்கில் செல்லவில்லை. 1787 சனவரியில் மரணப்படுக்கையிலிருந்த துளஜா, ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவனான சரபோஜியைச் சுவீகாரம் கொண்டு, காப்பாளராகுமாறு சுவார்ட்சை வேண்டினார். போதகர் மறுத்தார். ஒருசில நாளில் தமக்கே தீங்கு சூழக்கூடும், ஒரு வெளிநாட்டவரால் அரண்மனைக்குள் சிறுவனைக் காக்க இயலாது என்பது அவர் கருத்து. துளஜாவின் மாற்றாந்தாய்வழித் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்றார். அரசர் அவ்வாறே செய்து மறைந்தார்.

அமர்சிங் தமக்கே அரியணை உரியது என வழக்காடினார். ஆளுநர் ஆர்ச்சிபால்டு கேம்பெல் பன்னிரு பண்டிதரைக் கேட்டார். துளஜாவின் மனநிலை தெளிவாக இல்லை, சிறுவன் பெற்றோருக்கு ஒரே மகன், வயதும் கடந்துவிட்டது எனக் காட்டிச் சுவீகாரம் செல்லாதென அவர்கள் தீர்ப்பளித்தனர். அமர்சிங் முடிசூடினார். சுவார்ட்சு அப்போது இம்முடிவைத் தடுக்கவில்லை. பண்டிதருக்குப் பொருள் கொடுக்கப்பட்டது என்னும் முடிவுக்கு அவர் பின்னரே வந்தார். பஞ்சத்தில் நெல் கொணர்ந்த மனிதர், தம்மை நம்பிய அரசரின் இறுதி வேண்டுகோளை ஏற்காததும் தாம் முன்மொழிந்த காப்பாளரே உரிமையைப் பறித்ததும் அவருடைய பொதுவாழ்வின் பெரும் பிழைக்கணக்கு. பியர்சன் போன்றோர் இதை மென்மையாகக் கடந்துசெல்கின்றனர். அவருடைய அடுத்த பத்தாண்டுச் செயல்களைப் புரிந்துகொள்ளத் திறவுகோலோ இதுவே.

சரபோஜி இருட்டறையில் அடைக்கப்பட்டுக் கல்வி மறுக்கப்பட்டபோது கம்பெனிக்கு அடுக்கடுக்காக எழுதினார் சுவார்ட்சு. காப்பாளர் பொறுப்பையும் இம்முறை ஏற்றார். 1793இல் சிறுவனும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு வேப்பேரிப் போதகர் கெரிக்கே அவருடைய கல்வியைக் கவனித்தார். சுவீகாரம் செல்லும் என்பதற்குச் சாத்திர முடிவுகள் வங்காளப் பக்கத்துப் பண்டிதரிடமும் பெறப்பட்டன. வழக்குத் திரும்பியது. சரபோஜியை மதம் மாற்றச் சுவார்ட்சு முயலவில்லை. சரபோஜி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார்.

1798க்குப் பின்

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்சு தஞ்சையில் காலமானார். சேமிப்பு முழுவதையும் சமயப்பணிக்கு எழுதி வைத்திருந்தார். அதே ஆண்டு சூன் இறுதியில் சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் செய்யப்பட்ட உடன்படிக்கை தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அரசருக்குக் கோட்டையும், ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. சரபோஜியின் உரிமையை நிலைநாட்டிய கம்பெனியே ஓராண்டு கடந்ததும் அவ்வுரிமையின் உள்ளீட்டை எடுத்துக்கொண்டது. தஞ்சை ஆட்சியில் கம்பெனியின் தலையீட்டுக்குச் சுவார்ட்சு அமர்ந்த குழுவும் ஒரு படியாக இருந்தது. அவர் உழவரின் நலன் கருதியே அதில் அமர்ந்தார் என்பதும், அப்படியின் மேல் ஏறி வேறொருவர் நாட்டைக் கைக்கொண்டார் என்பதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

சரபோஜி இலண்டனிலிருந்து பளிங்கு நினைவுச் சின்னம் வருவித்தார். ஜான் ஃபிளாக்சுமன் செதுக்கிய அச்சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே சுவார்ட்சின் பெயரால் வழங்கும் ஆலயத்தில் உள்ளது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைத் தலைப்பாகை அணிந்த இளம் அரசர் பற்றியிருக்கிறார். பின்னால் கெரிக்கே நிற்கிறார். படுக்கையின் அருகே பள்ளிச் சிறுவர்கள். கல்லறைக்குச் சரபோஜியே ஆங்கிலத்தில் இரங்கற்பா எழுதினார்.